பாட்டன் நடந்த பாதை

விருதுநகர், ராஜபாளையம், சிவகாசி வட்டாரத்து டீக்கடைகளில் இப்போது ஒரு சொல் தாராளமாக அடிபடுகிறது. "வடக்கன்" என்பது அந்தச் சொல். மில் ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு வரும் பீகார்ப் பையனும் வடக்கன். செங்கல் சூளையில் பெண்டு பிள்ளைகளோடு கிடக்கும் ஒரிசாக்காரனும் வடக்கன். கூலி உயரவில்லையா? வடக்கனால். வேலை போய்விட்டதா? அதுவும் வடக்கனால். முதலாளி பேச வேண்டிய பேச்சை, அவனுக்குச் சல்லிக்காசு செலவில்லாமல், நம் தொழிலாளியே பேசிக்கொண்டிருக்கிறான்.

இந்தச் சொல்லை வாயில் எடுக்கும் தோழர்களிடம் நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். உங்கள் பாட்டனையும் பூட்டனையும் இலங்கையில் என்ன சொல்லி அழைத்தார்கள், தெரியுமா? "கள்ளத்தோணி" என்றார்கள். "தோட்டக்காட்டான்" என்றார்கள். அப்படி அழைத்தவர்களில் சிங்களவர் மட்டுமல்ல, தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

தன் குடும்பத்துச் சரித்திரம் தனக்கே தெரியாமல் போனால் இப்படித்தான் ஆகும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ராஜாக்கள் இருக்கிறார்கள், அவர்கள் வெட்டிய குளமும் கட்டிய கோபுரமும் இருக்கின்றன. கடல் கடந்து போய் மலையை வெட்டித் தேயிலை நட்டவன் அதில் இல்லை. அவனைப் பற்றி யார் பாடுவது? யார் ஆடிக் காட்டுவது? அவன் பேரப்பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். மல்லாங்கிணறு போன்ற ஊர்களில், உள்ளூர்த் தொழிலாளியும் வடக்கிலிருந்து வந்திருக்கும் தொழிலாளியும் ஒன்றாக உட்கார்ந்து, கூத்தாகவும் பாட்டாகவும் சுவர்ச் சித்திரமாகவும் இந்தச் சரித்திரத்தை ஊர் நடுவில் வைக்க வேண்டும் என்பது நம் யோசனை. ஏன் என்பதைச் சொல்கிறோம்.

கண்டிச் சீமைக்குப் போன கதை பழைய ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் புதிதல்ல. விருதுநகர் தனி ஜில்லா ஆனது 1985இல்தான். அதற்கு முன் இந்தக் கரிசல் காடு முழுவதும் ராமநாதபுரத்தோடு சேர்ந்ததே. மானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கிணறு வற்றும், கிணறு வற்றினால் கடன் ஊறும். மல்லாங்கிணறு என்ற பெயரிலேயே ஒரு கிணறு இருக்கிறது. தண்ணீரை நினைத்துக்கொண்டே ஊருக்குப் பெயர் வைத்த ஜனங்கள் நாம். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டில் லட்சக்கணக்கானவர்கள் செத்து விழுந்தபோது, வெள்ளைக்கார சர்க்கார் தானியத்தைக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பஞ்சத்துக்கு வெகு காலம் முன்பே கங்காணிகள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். முன்பணம் கொடுத்தார்கள். தேங்காய்க்கும் மாசிக்கும் அங்கே பஞ்சமில்லை என்று ஆசை காட்டினார்கள். ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து சாரி சாரியாக ஜனங்கள் புறப்பட்டார்கள்.

1823இல் கம்பளைக்குப் பக்கம் சின்னாபிட்டியாவில் ஜார்ஜ் பேர்ட் என்ற துரை காப்பித் தோட்டம் போட்டதிலிருந்து இந்தக் கணக்கு தொடங்குகிறது. தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து கால்நடையாகக் காட்டு வழி, மாத்தளை வரை. தண்ணீர் இல்லை, காலராவும் காய்ச்சலும் உண்டு. நடக்க முடியாமல் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற கணக்கை எந்தத் துரையும் ஒழுங்காக வைக்கவில்லை. காப்பி மூட்டைக்கு மட்டும் கணக்கு இருந்தது.

போன இடத்தில் அவர்கள் செய்த முதல் வேலை, காட்டை அழிப்பது. மழையைப் பிடித்து வைத்திருந்த மலைக்காட்டை மொட்டையடித்துக் காப்பி வைத்தார்கள். 1869இல் இலைநோய் கண்டு காப்பி கருகத் தொடங்கியது. துரைகள் தேயிலைக்கு மாறினார்கள். மாறுகிற காலத்தில் கூலி இல்லாமல் வயிறு காய்ந்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் என்று இன்று படித்தவர்கள் பேசுகிறார்களே, அது தொழிலாளிக்குச் சம்பந்தமில்லாத மேட்டுக்குடி விவகாரம் என்று நம்மவர்களிலும் சிலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பூமி வறண்டதால் ஊரை விட்டவன், இன்னொரு பூமியை வறளச் செய்யும் வேலையில் பூட்டப்பட்டான். இரண்டிலும் லாபம் அவனுக்கு இல்லை.

தோட்டத்தில் விடியற்காலை தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்து, பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, கொழுந்து பறிக்க மலை ஏற வேண்டும். வேலைக்கு எழுப்பிய அதே தப்புதான் சாவுக்கும் அடித்தது, திருவிழாவுக்கும் அடித்தது. மாசி, பங்குனியில் லயத்து முன்றிலில் காமன் கூத்து ஆடினார்கள். ரதியும் மன்மதனும் வந்தார்கள், எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் வாது செய்தன. அதோடு நிற்கவில்லை, கங்காணியைப் பற்றியும் துரையைப் பற்றியும் பெண்கள் பாட்டுக் கட்டினார்கள். ஏசுவதற்கு வேறு இடமில்லாதவர்கள் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஏசினார்கள். தலவாக்கலையிலிருந்து 1947இல் பார்லிமெண்டுக்குப் போன சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இல்லாவிட்டால் அவை பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

சங்கம் கட்டியதும் பாட்டால்தான். தஞ்சைச் சீமையிலிருந்து போன கோ. நடேசய்யர் 1930களில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது, அவர் மனைவி மீனாட்சியம்மை ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் பாட்டெழுதித் தானே பாடினார். பாட்டுக்குக் கூட்டம் சேரும். சேர்ந்த கூட்டத்தில் அரசியல் பேசப்படும். 1940இல் அந்தப் பாட்டுகள் புத்தகமாகவும் வந்தன. அதே 1940 ஜனவரியில்தான் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளி கோவிந்தன் போலீஸ் குண்டுக்குப் பலியானார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1948இல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். சந்தையில் ஆடு பிரிப்பதைப் போல மனிதரைப் பிரித்தார்கள். மண்டபம் முகாமில் வந்து இறங்கியவர்களுக்கு இங்கே வேறு ஒரு பெயர் காத்திருந்தது: "சிலோன்காரன்". அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.

மலையகத்தில் தங்கிவிட்டவர்கள் தங்கள் சரித்திரத்தை விடவில்லை. அதைத்தான் இங்குள்ள தொழிலாளர்கள் கவனிக்க வேண்டுமென்று நாம் விரும்புகிறோம். கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தில், பழைய லயம் ஒன்றையே செப்பனிட்டு 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அங்கே வைரமும் வாளும் இல்லை. லயத்துக் காம்பரா, கொழுந்துக் கூடை, சமையல் சாமான், தொழிலாளியின் பத்திரங்கள். ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே வர்ணமாக்கி, தேயிலைப் பையையே காகிதமாக்கிப் படம் வரைகிறார். எந்தக் கொழுந்து தாயின் விரலைக் கறையாக்கியதோ அதே கறை படத்திலும் இருக்கிறது.

2023இல் 200 வருஷம் நிறைந்தபோது அவர்கள் பட்டுத் துணி போர்த்தி விழா எடுக்கவில்லை. நடந்தார்கள். ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு, முன்னோர் நடந்த வழியே ஆகஸ்ட் 12இல் மாத்தளை போய்ச் சேர்ந்தார்கள். வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் கூட நடந்தார்கள். நிலம் கேட்டார்கள், வீடு கேட்டார்கள், வாழ்வதற்கான கூலி கேட்டார்கள், எங்களை இந்த நாட்டு மக்கள் என்று ஏற்றுக்கொள் என்று கேட்டார்கள். நடைப்பயணமும் ஒரு கலைதான் என்று நாம் சொல்வோம். மேடை வேண்டாம், திரை வேண்டாம். 16 நாள் பாதையே மேடை. பார்த்துக்கொண்டு நின்றவனும் நாலு எட்டு நடந்தால் நாடகத்துக்குள் வந்துவிடுகிறான்.

அவர்கள் ஏன் நிலம் கேட்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள மலைச்சரிவைப் பார்க்க வேண்டும். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைக்குப் பக்கம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை அப்படியே மூடிற்று. அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல வருஷம் முன்பே நிபுணர்கள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, ஜனங்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையை அடித்தபோது 600க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மலையகத்துச் சரிவுகள் மறுபடியும் இடிந்து விழுந்தன.

இது இலங்கைக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றுக்குப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் யார்? நமக்குத் தெற்கே, கோவில்பட்டி தாண்டிய கயத்தாற்றுப் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர்கள். 2024 ஜூலை 30இல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு மண்ணாயின. 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்துப் பாடிகளில் இருந்தவர்களில் பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு. இதையெல்லாம் "இயற்கையின் சீற்றம்" என்று பத்திரிகைகள் எழுதின. மழை இயற்கைதான், மறுக்கவில்லை. மேட்டிலே பங்களாவும் சரிவிலே லயமும் கட்டியது எந்த இயற்கை? காட்டை வெட்டியது எந்த இயற்கை? துரை வீட்டை விட்டுவிட்டுத் தொழிலாளி வீட்டை மட்டும் தேடிப் பிடிக்கும் மலை எங்கே இருக்கிறது?

சொந்த ஊருக்கு வருவோம். மல்லாங்கிணறு இருக்கும் காரியாபட்டி தாலுகாவிலேயே, ஆவியூர் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் உடல் சிதறி மாண்டார்கள். அது நடந்த நாள் 2024 மே 1. உலகத் தொழிலாளர்கள் கொடியேற்றிய நாளில் இங்கே தொழிலாளியின் கையும் காலும் தேடிப் பொறுக்கப்பட்டன. கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. காட்டு வேலை கிடைக்காத பெண்கள் விடியுமுன் பட்டாசு ஆபீஸ் வண்டியில் ஏறுகிறார்கள்.

பட்டாசு ஆபீஸில் ரசாயனக் கலவைக்கு "மருந்து" என்று பெயர். உயிரை எடுப்பதற்கும் நம் ஊரில் மருந்து என்றே பெயர் வைத்திருக்கிறோம். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 40 பேர் வரை, 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல் கருகினார்கள். ஒவ்வொரு தடவையும் "மருந்து உராய்ந்தது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். லைசென்ஸ் ஒருவன் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்தவன் நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை அடைத்து, மரத்தடியிலும் மருந்து அடைக்கச் சொன்னானே, அந்த உராய்வைப் பற்றி எழுதுவதில்லை.

டில்லியின் காற்று கெட்டது என்று வழக்கு நடந்து, 2018 அக்டோபர் 23இல் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. டில்லிக் குழந்தையின் நுரையீரல் நமக்கும் வேண்டியதே. அதிலே சந்தேகமில்லை. ஆனால் அதே புகையின் பொடியை வருஷம் முழுவதும் மூக்கிலே ஏற்றுகிற சிவகாசிப் பெண்ணின் நுரையீரலை அந்த வழக்கில் யார் கொண்டுபோய் வைத்தார்கள்? தீர்ப்பு வந்ததும் உற்பத்தியாளர்கள் ஆலைகளைப் பல மாதம் மூடிப் போட்டார்கள். அடுப்பு அணைந்தது அவர்கள் வீட்டில் அல்ல. சுத்தமான காற்றா, கூலியா என்று தொழிலாளியைப் பார்த்துக் கேட்பதே அநியாயம். இரண்டும் அவளுக்குப் பாத்தியப்பட்டவை.

இதை நாம் தலையங்கமாக எழுதினால் படிக்கிறவர் சிலர். ஒரு முச்சந்தியில் நாடகமாகப் போட்டால் ஊரே பார்க்கும். 1990இல் சலம் பென்னூர்கர் "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்ற படத்தை எடுத்தார். தீப்பெட்டி, பட்டாசு ஆபீஸ் குழந்தைகளை உலகுக்குக் காட்டிய நல்ல படம். அது நம்மைப் பற்றி மற்றவர் எடுத்த படம். நம்மைப் பற்றி நாமே சொல்வது இன்னும் பாக்கி இருக்கிறது.

சொல்லத் தெரியாத ஜனங்களா நாம்? வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடி, சிறைக்குப் போய், திரும்பி வந்து மறுபடியும் அதே பாட்டைப் பாடிய தியாகி விஸ்வநாததாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தவர். 1940 டிசம்பர் 31இல் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார். முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. பாட்டை மறுக்க யாராலும் முடியவில்லை.

இனி, ஹாஸ்டலில் இருக்கும் பீகார்ப் பையனைப் பாருங்கள். அவன் வெறுங்கையோடு வந்தவன் என்று நினைக்கிறீர்கள். அவன் நாட்டில், சாரண் ஜில்லாவில், 1887இல் பிகாரி டாக்கூர் என்று ஒருவர் பிறந்தார். அவரும் முடிதிருத்தும் குலம். அவரும் பிழைக்க ஊரை விட்டுக் கரக்பூர் போனவர். திரும்பி வந்து கூத்துக் கோஷ்டி சேர்த்து, போஜ்புரியில் "பிதேசியா" என்ற நாடகம் போட்டார். பரதேசம் போனவன் என்று பொருள். கல்கத்தாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத புருஷன், ஊரில் காத்திருக்கும் பெண்சாதி, இதுதான் கதை. நம் கண்டிச் சீமைக் கதை வேறு என்ன? விஸ்வநாததாசுக்கு ஒரு வயது இளையவர். இருவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். இன்று இருவர் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே மில்லில், ஒரே ஷிப்டில், ஒரே பஞ்சுத் தூசியைத் தின்கிறார்கள்.

இந்தத் தூசி தின்னும் கூட்டத்தைப் பிரித்து வைப்பதில் லாபம் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பீகார் சர்க்கார் அதிகாரிகளை அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று. பொய் என்று தெரிந்தது. பயம் மட்டும் போகவில்லை. 1979ஆம் வருஷத்து வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தில், 5 பேர் இருந்தாலே ஸ்தாபனத்துக்குச் சட்டம் பொருந்தும். இடம்பெயர்வுப் படியும் உண்டு. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதிய தொகுப்பில் 5 என்பது 10 ஆயிற்று. இடம்பெயர்வுப் படியைக் காணோம். இது வடக்கனின் நஷ்டம் என்று சும்மா இருப்பவர் யோசிக்கட்டும். உரிமை இல்லாத ஆள் பக்கத்து மிஷினில் நிற்கும்வரை உங்கள் கூலியும் உயராது.

தெருவில் நாடகம் போடுவது விளையாட்டு அல்ல என்பதும் நமக்குத் தெரியும். 1989 ஜனவரி 1இல் டில்லிக்குப் பக்கம் ஜண்டாபூரில் தொழிலாளர் முன்னால் நாடகம் நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மியைக் குண்டர்கள் அடித்து நொறுக்கினார்கள், மறுநாள் இறந்தார். அதே இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ராம் பகதூர், நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி. ஜனவரி 4இல் ஹஷ்மியின் மனைவி மலயஸ்ரீயும் கோஷ்டியும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, நின்றுபோன நாடகத்தை நடத்தி முடித்தார்கள்.

மல்லாங்கிணற்றிலும் சுற்று ஊர்களிலும் செய்யக்கூடியது இது. கண்டிக்குப் போய் வந்த வீடுகளில் பெட்டிக்கு அடியில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கடிதம், போட்டோ இவற்றை வாலிபர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அசலை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். கிழவிகள் பாடுகிற பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். சீர்திருத்துகிறோம் என்று கை வைக்கக் கூடாது. ஒயில் ஆடத் தெரிந்தவர்களும் தப்பு அடிக்கத் தெரிந்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள், பட்டணத்து வித்துவான்களைக் கூப்பிட அவசியமில்லை. நாடகத்தில் கங்காணியும் வரட்டும், இன்றைய லேபர் காண்டிராக்டரும் வரட்டும். ஒரே ஆளே இரண்டு வேஷமும் போடட்டும், துண்டை மாற்றினால் போதும். பீகார், ஒரிசாத் தோழர்கள் தங்கள் பாஷையிலேயே பேசட்டும், பாடட்டும். புரியாத இடத்தில் ஒருவர் கூட நின்று தமிழில் சொன்னால் தீர்ந்தது. சுவரில் ஒரு பக்கம் மன்னார்ப் பாதை, மறு பக்கம் ரயிலில் தொங்கிக்கொண்டு வரும் பாதை. நடுவில் கண்மாயும் குவாரியும் மருந்து அறையும். சிவப்பும் கறுப்பும் கரியும் செம்மண்ணும் இருந்தால் படம் வந்துவிடும்.

இடம் மந்தையாக இருக்கட்டும். எந்தத் தெருக்காரரும் வந்து உட்காரக்கூடிய இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஊர்களில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிழமை ஞாயிறு. சம்பளம் பிடிக்காமல், இரவு திரும்பி வரும் ஆட்களைக் கேட்டில் நிறுத்தி விசாரிக்காமல், அன்று மாலை ஹாஸ்டல் கதவைத் திறந்து விட வேண்டும் என்று மில் நிர்வாகங்களுக்குச் சங்கங்கள் இந்த வாரமே கடிதம் கொடுக்கட்டும்.